வண்டிக்கு அடியில கொஞ்சம் பாருங்க சாமி

ரெண்டு மூணு வாரமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியலை. இன்னிக்கு உட்கார்ந்து எழுத வெச்சது எங்க சொசைட்டி நோட்டீஸ் போர்டு. தசரா முடிஞ்ச மறுநாள் புதுசா ஒரு காகிதம் ஒட்டியிருந்தாங்க. "பார்க்கிங்கில் வாகனம் கழுவக் கூடாது. மீறினால் அபராதம். ஈரத் துணியால் துடைத்துக்கொள்ளலாம்." மராட்டியிலும் இங்கிலீஷிலும் இருந்தது. என் பொண்ணு ரெண்டையும் படிச்சுட்டு, "அப்பா, இது உங்களுக்குத்தான்" என்றாள்.

எனக்குத்தான். மறைக்க என்ன இருக்கு? நூத்துச் சொச்சம் பிளாட் இருக்கிற எங்க கட்டடத்துல, வருஷத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை பழைய லுங்கியைக் கட்டிக்கிட்டு, கையில வாளியும் பிரஷ்ஷுமா காருக்குப் பக்கத்துல குப்புறப் படுத்திருக்கிற ஒரே ஆள் நான்தான். "மதராஸி பாபுவுக்கு என்ன ஆச்சு"ன்னு வாட்ச்மேன் முதல் வருஷம் பயந்தே போனார். இப்ப பழகிடுச்சு. டீ வாங்கிட்டு வந்து கொடுக்கிறார்.

அந்த நோட்டீஸ்ல பாதி சரி, பாதி தப்பு என்பது என் கட்சி. பைப்பைப் போட்டு மணிக்கணக்கா தண்ணியை ஓடவிடக் கூடாது என்பதுக்கு ரெண்டு கையையும் தூக்கறேன். ஆனா "ஈரத் துணியால துடைச்சா போதும்"னு யாராவது சொன்னா, அவர் வண்டியோட மேல்பக்கத்தை மட்டும்தான் வண்டின்னு நினைக்கிறார்னு அர்த்தம். நம்மாளுங்க முக்காவாசிப் பேர் அப்படித்தான்.

எங்க பார்க்கிங்கையே எடுத்துக்குங்க. காலையில அஞ்சரை மணிக்கு உத்தரப் பிரதேசத்துப் பையன் ஒருத்தன் வருவான். ஒரு வாளி தண்ணி, ரெண்டு துணி. ஏழரைக்குள்ள முப்பது வண்டியைத் துடைச்சுடுவான். எட்டு மணிக்கு நாம இறங்கி வரும்போது கண்ணாடி பளபளன்னு இருக்கும், டாப்புல மொகத்தைப் பார்த்துத் தலை சீவிக்கலாம். அந்தப் பையனைக் குறை சொல்லலை. மாசச் சம்பளத்துக்கு அவன்கிட்ட நாம கேட்டது அவ்வளவுதான். வண்டிக்கு அடியில குனிஞ்சு பாருன்னு யாரும் அவன்கிட்ட சொன்னதில்லை. நாமளும் பார்த்ததில்லை.

இந்த எடத்துல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். பொறுத்துக்குங்க.

எண்பதுகள்ல கோவில்பட்டி மெயின் ரோட்டுல என் சித்தப்பா வாட்டர் சர்வீஸ் வெச்சிருந்தார். இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு 'வாட்டர் சர்வீஸ்'னு போர்டு போட்ட இடம் எப்படி இருக்கும்னு தெரியாது. நடுவுல ஆள் இறங்கி நிக்கிற மாதிரி நீளமா ஒரு பள்ளம். ரெண்டு பக்கமும் சிமெண்ட் மேடு. லாரி மேட்டு மேல ஏறி நிக்கும். ஆள் பள்ளத்துல நின்னு அண்ணாந்து பார்த்துத் தண்ணி அடிப்பான். கம்ப்ரஸர் சத்தம் அந்தத் தெருவுக்கே தாலாட்டு. லீவு நாள்ல எனக்கு அங்கதான் பொழுது போகும். அம்மாவுக்குப் பிடிக்காது. சட்டையெல்லாம் கிரீஸ் ஆகுமே.

தூத்துக்குடியில இருந்து உப்பு ஏத்திக்கிட்டு வர்ற லாரிங்க நிறைய நிக்கும். அந்த லாரிகளை மட்டும் சித்தப்பா வேற மாதிரி பார்ப்பார். கழுவின பிறகு அவரே பள்ளத்துல இறங்குவார். கையில ஒரு சின்னச் சுத்தி. சேஸ், ஸ்பிரிங் பட்டை, குறுக்குச் சட்டம்னு ஒவ்வொண்ணா லேசா தட்டிக்கிட்டே போவார். டங் டங்குன்னு கேட்டா நல்ல இரும்பு. சத்தம் மங்கினா நிப்பார். "ஏலே, இங்க வா. இதைக் கேளு"ம்பார். எனக்கு ரெண்டு சத்தமும் ஒண்ணாத்தான் கேட்கும். "கேக்குது சித்தப்பா"ன்னு சும்மா தலையாட்டுவேன். அவர் டிரைவரைக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, இந்தக் கிராஸ் போயிட்டு, மறுலோடுக்கு முன்னாடி வெல்டிங்குக்கு விடுங்க"ம்பார். கழுவுறதுக்கு மட்டும்தான் காசு. தட்டிப் பார்க்கிறதுக்குத் தனியா காசு வாங்கி நான் பார்த்ததில்லை.

கழுவறது எதுக்குன்னா பார்க்கிறதுக்கு. அழுக்கு போனாத்தான் அடியில இருக்கிறது கண்ணுக்குத் தெரியும். இது அந்தப் பள்ளத்துல நின்னப்ப புரியலை. நாப்பது வயசு தாண்டி நவி மும்பையில பட்ட பிறகுதான் புரிஞ்சது.

2023 அக்டோபர். அந்த வருஷம் தீபாவளி நவம்பர் 12. ஊருக்கு ரயில் டிக்கெட் கிடைக்கலை. வெயிட்டிங் லிஸ்ட் பத்தி எழுத ஆரம்பிச்சா அது தனிப் பதிவாயிடும். சரி, கார்லயே போயிடலாம்னு முடிவு. நவி மும்பையில இருந்து புனே, கோலாப்பூர், ஹுப்ளி, பெங்களூரு, சேலம், மதுரை வழியா கோவில்பட்டி. ஏறத்தாழ 1500 கி.மீ. தங்கமணி, பொண்ணு, என்கூட மூணு மாசமா தங்கியிருந்த அம்மா. ஒன்பது வருஷப் பழைய கார். செப்டம்பர்லதான் சர்வீஸ் விட்டிருந்தேன். பில்லுல 'அண்டர்பாடி வாஷ்'னு தனியா ஒரு வரி, அதுக்குத் தனியா காசு.

கிளம்பறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை. செல்ஃபி ஸ்டிக்ல போனை மாட்டி, டார்ச்சைப் போட்டு, வீடியோவை ஓடவிட்டு, பின் சக்கரத்துக்குப் பக்கத்துல காருக்கு அடியில நீட்டினேன். மழைக்காலத்துல ஏதாவது பிளாஸ்டிக் பை சைலன்சர்ல ஒட்டியிருக்கான்னு பார்க்கத்தான். எரிஞ்ச பிளாஸ்டிக் வாசனை ஒண்ணு ரொம்ப நாளா வந்துக்கிட்டிருந்தது. பை ஒட்டியிருந்தது நிஜம். அதைவிட, வீடியோவுல தெரிஞ்ச சேறு. காசு வாங்கிக் கழுவின வண்டி சாமி அது! மட்கார்டுக்கு உள்பக்கம் விரல் தடிமனுக்கு அப்பியிருந்தது. சாயங்காலமே வாளியை எடுத்துக்கிட்டு இறங்கிட்டேன்.

ஒரு மணி நேரம் கழிச்சு, பின்பக்க இடது சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, பிரேக் ஆயில் போற இரும்புக் குழாயை உடம்போட பிடிச்சிருக்கிற கிளிப்புக்குப் பின்னால சேறு உதிர்ந்தது. உதிர்ந்த இடத்துல குழாய் பழுப்பா செதில் செதிலா இருந்தது. துடைச்சேன். அஞ்சு நிமிஷத்துல மறுபடி ஈரம். தண்ணி இல்லை. விரல்ல தொட்டா வழுவழுன்னு இருந்தது. பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தேன். குறைஞ்சபட்சக் கோட்டுக்கு ஒரு நூல் மேல நின்னது. அது குறைஞ்சிருக்கிறதை முந்தின மாசமே பார்த்திருக்கேன். பிரேக் பேட் தேயத் தேய மட்டம் கொஞ்சம் இறங்கும், அது சகஜம். அந்தக் கணக்குல விட்டுட்டேன். எச்சரிக்கை விளக்கு எரியற அளவுக்கு இறங்கலை.

நம்ம கார்கள்ல பிரேக்குக்கு ரெண்டு தனிப் பாதை இருக்கும். ஒண்ணு ஒழுகிப் போனாலும் இன்னொண்ணு பிடிக்கும். அதனால ஒரேயடியா பிரேக் இல்லாம போயிடாதுன்னு படிச்சவங்க சொல்வாங்க. சரிதான். ஆனா அப்ப கிடைக்கிறது பாதி பிரேக், மிதியும் பாதாளத்துக்குப் போகும். அந்தப் பாதி பிரேக்கோட நாலு பேரையும் தீபாவளி மூட்டையையும் ஏத்திக்கிட்டு தர்மபுரி தாண்டி தொப்பூர் கணவாய் இறக்கத்துல போறதை நினைச்சுப் பார்த்தேன். அந்த இறக்கத்துல பிரேக் பிடிக்காம லாரிங்க முன்னாடி போற வண்டிகளை அடிச்சுத் தள்ளின செய்தி எத்தனை படிச்சிருக்கோம்! நான் பார்க்கிங் தரையிலயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மா பால்கனியில இருந்து, "ஏய்யா, காபி ஆறுது"ன்னு கூப்பிட்டாங்க. அவங்ககிட்ட இன்னி வரைக்கும் சொல்லலை.

மறுநாள் தெரு முனை மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். குழாய், அதோட சேர்ற ரப்பர் ஹோஸ், நாலு சக்கரத்துக்கும் காத்து எடுத்துப் புது ஆயில், எல்லாம் சேர்த்து 2800 ரூபாய். ஒரு நாள் வேலை.

சர்வீஸ் சென்டர்ல போய்ச் சண்டை போட்டியான்னு கேட்பீங்க. போட்டேன். பெரிசா பலன் இல்லை. ஆனா அங்க தண்ணி அடிக்கிற பையனைப் பார்த்ததும் கோபம் வடிஞ்சுடுச்சு. ஒரு நாளைக்கு எத்தனை வண்டின்னு கேட்டேன். நாப்பதுன்னான். வண்டியைத் தூக்க லிஃப்ட் அவனுக்குக் கிடையாது, அது மெக்கானிக்குகளுக்கு. நின்ன வண்டியைச் சுத்தி வந்து துப்பாக்கியை அடியில நீட்டி அடிப்பான். அஞ்சு நிமிஷம். அவன் வேலை தண்ணி அடிக்கிறது. பார்க்கிறது யாரோட வேலைன்னு அங்க யாருக்கும் தெரியலை. பில்லுல 'கழுவினது'க்கு ஒரு வரி இருக்கு, 'பார்த்தது'க்கு வரி இல்லை.

அதனாலதான் வண்டியோட அடிப்பக்கத்தை வருஷத்துக்கு ஒரு தடவையாவது சொந்தக் கையால கழுவணும்னு பிடிவாதமா சொல்றேன். காசு மிச்சம் பண்றதுக்கு இல்லை. ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரத்துக்கு நம்ம சம்பளத்துல கணக்குப் போட்டா நஷ்டம்தான். ஊருக்குப் போறவன் அவன்தான், வண்டியில ஏறி உட்காரப் போறது அவன் குடும்பம்தான். அவனைத் தவிர வேற யாரும் நிதானமா பார்க்க மாட்டாங்க.

கடலோரத்துல இருக்கிறவங்களுக்கு இது ரெட்டிப்பு. வெளிநாட்டு வீடியோக்கள்ல பனி உருக ரோட்டுல உப்பைத் தூவறாங்க, அதனால கார் துருப்பிடிக்குதுன்னு காட்டுவான். நமக்கென்ன, இங்க பனியா பெய்யுதுன்னு சிரிப்போம். நெரூல், வாஷி பக்கம் இருக்கிறவங்க பாம் பீச் ரோட்டுல சாயங்காலம் ஒரு நடை நடந்துட்டு வந்து உதட்டை நக்கிப் பாருங்க. கழிமுகத்துக் காத்துல உப்பு இருக்கு. நாலு மாசம் மழை, நிக்கிற தண்ணி, அதுல சேறு. சேறு காய்ஞ்சு ஒட்டிக்கிட்டா பரவாயில்லை, இங்க காயாது. ஸ்பாஞ்சு மாதிரி உப்பையும் ஈரத்தையும் பிடிச்சு வெச்சுக்கிட்டு இரும்போட ஒட்டியே இருக்கும். விசாகப்பட்டினம், கொச்சி, கோவா, காந்திதாம்னு இருக்கிற நம்ம ஆளுங்களுக்கும் இதே கதைதான். காந்திதாம்காரங்களுக்கு உப்பு லாரி பின்னாலயே போற பாக்கியமும் உண்டு. டெல்லி, ஹைதராபாத், நாக்பூர்வாசிகளுக்கு இவ்வளவு அவசரம் இல்லை. ஆனா பார்க்கிற வேலை அவங்களுக்கும் இருக்கு.

இன்னொண்ணு. லாரிக்குத் தடிமனான சேஸ் தனியா இருக்கும். நம்ம சின்ன கார்கள்ல அது கிடையாது. அடித்தகடும் பக்கச் சட்டமும் சேர்ந்துதான் வண்டியோட எலும்புக்கூடு. அந்தத் தரைத் தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதுல ஓட்டை விழுந்தா டிங்கரிங் பண்ணிப் பட்டி பார்த்து பெயிண்ட் அடிச்சு மறைக்கலாம், பலம் திரும்ப வராது.

"அதுக்குத்தான் ஆன்டி ரஸ்ட் கோட்டிங் அடிச்சுட்டேனே"ன்னு ஒரு நண்பர் சொன்னார். இந்தக் கறுப்புக் கோட்டிங் பத்தி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. புது வண்டிக்கு, வெயில் காலத்துல, நல்லாக் கழுவிக் காயவெச்சு, பொறுமையா அடிச்சா கடலோரத்துல அது நல்லதுதான். ஆனா பெரும்பாலும் நடக்கிறது என்ன? சர்வீஸுக்கு விடறோம். "சார், மழைக்கு முன்னாடி அடிச்சுக்குங்க, ஆஃபர் இருக்கு"ங்கறான். தலையாட்டறோம். காலையில தண்ணி அடிச்சு மத்தியானம் கறுப்பு அடிச்சுச் சாயங்காலம் டெலிவரி. ஈரத்து மேல, மண்ணு மேல, ஏற்கனவே இருக்கிற துருவு மேல அடிச்ச கோட்டிங் கொஞ்ச நாள்ல வெடிக்கும். வெடிப்புல தண்ணி உள்ள போகும், வெளிய வராது. மேல பார்த்தா கன்னங்கரேல்னு அழகா இருக்கும், உள்ளே கரையான் புத்து. அதைவிடக் கொடுமை, கதவுக்கும் பக்கச் சட்டத்துக்கும் அடியில தண்ணி வடியறதுக்குன்னு சின்னச் சின்னத் துளை இருக்கு, அதையும் சேர்த்து அடைச்சுடுவாங்க. சொந்தச் செலவுல சூனியம்னா இதுதான்.

சித்தப்பா காலத்து வைத்தியம் ஒண்ணு இருக்கு. டீசலையும் பழைய எஞ்சின் ஆயிலையும் கலந்து அடியில பீச்சறது. எங்க வாட்டர் சர்வீஸ்லயும் செஞ்சிருக்கோம், பொய் சொல்லக் கூடாது. அதைச் செய்யாதீங்க. ரப்பர் புஷ், ஹோஸ் எல்லாம் ஊதிப் போகும். புழுதி மொத்தமும் அதுல வந்து அப்பும். மழையில கழுவிக்கிட்டுப் போய் வடிகால்ல விழும். எங்க பகுதி மழைநீர் வடிகால் போய்ச் சேர்றது கழிமுகத்துல. பூநாரைங்க வந்து இறங்குற தண்ணி அது.

சரி, எப்படிக் கழுவறதுன்னு சொல்றேன். முதல்ல ஒரு கண்டிஷன். காரைக் கொடுத்தப்ப கூட வந்த ஜாக்கி இருக்கே, அது டயர் மாத்த மட்டும். அதுல வண்டியைத் தூக்கிட்டு அடியில தலையை விடக் கூடாது. கல்லு கொடுத்திருக்கேன், கட்டை போட்டிருக்கேன், ரெண்டே நிமிஷம்தான், எந்தச் சமாதானமும் கூடாது. ஜாக்கி சரிஞ்சு ஆள் போன கதை எங்க ஊர்லயே உண்டு. வண்டி நாலு சக்கரத்துலயும் தரையில நிக்கட்டும். நாம பக்கத்துல படுத்துக் கையை மட்டும் நீட்டினாப் போதும். கைக்கு எட்டாத நடுப்பகுதியைக் கழுவ முடியலைன்னா கழுவ வேண்டாம். செல்ஃபி ஸ்டிக்கால பார்த்துக்குங்க. ஏதாவது சந்தேகமா தெரிஞ்சா லிஃப்ட் இருக்கிற மெக்கானிக்கிட்ட போங்க. நான் முழு வண்டியையும் கழுவறேன்னு சொல்லலை. முக்கியமான முக்கால்வாசி ஓரத்துலயே இருக்கு.

வண்டி ஆறியிருக்கணும். ஓட்டிட்டு வந்ததும் சைலன்சர், பிரேக் டிஸ்க் எல்லாம் கொதிச்சுக்கிட்டு இருக்கும், பச்சைத் தண்ணி பட்டா அதுக்கும் கேடு, கை பட்டா நமக்கும் கேடு. காலையில முதல் வேலையா வெச்சுக்குங்க. சமதளம், ஹேண்ட் பிரேக், முதல் கியர், சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கல்லு. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசாத் திருப்பி வெச்சா முன் மட்கார்டுக்கு உள்ளே கை போக வழி கிடைக்கும். ஒரு பக்கம் முடிச்சதும் மறுபக்கம் திருப்பிக்கலாம்.

தண்ணியைத் தொடறதுக்கு முன்னாடி சுரண்டணும். இதை யாரும் செய்யறதில்லை. காய்ஞ்ச சேத்தைப் பழைய மரக் கரண்டியாலயோ பிளாஸ்டிக் ஸ்கேலாலயோ சுரண்டினா பாதி கொட்டிடும். இரும்பு எதுவும் வேண்டாம், பெயிண்ட் போயிடும். கொட்டினதைக் கூட்டி ஒரு சாக்குல அள்ளிடுங்க. கை உறை கட்டாயம். மழைத்தண்ணி தேங்கின ரோட்டுச் சேறு அது. மும்பையில 2005 ஜூலை வெள்ளத்துக்கு அப்புறம் எலிக்காய்ச்சல் பரவினது இங்க பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும். கையில காயம் இருந்தா அன்னிக்கு இந்த வேலையே வேண்டாம்.

அப்புறம் செடிக்கு மருந்து அடிக்கிற அஞ்சு லிட்டர் கைப்பம்பு. நர்சரியில கிடைக்கும். அதுல தண்ணியும் கொஞ்சம் கார் ஷாம்பும் போட்டு, சேறு இருக்கிற இடமெல்லாம் அடிச்சுட்டுக் கால் மணி நேரம் ஊறவிடுங்க. அந்த நேரத்துல ஒரு காபி. பிறகு நீளக் கைப்பிடி பிரஷ். மட்கார்டு உள்பக்கம், சக்கரத்துக்குப் பின்னால இருக்கிற மூலை, பக்கச் சட்டத்தோட அடி விளிம்பு, ஜாக்கி வைக்கிற இடம், குழாய் கிளிப்புங்க. கதவைத் திறந்து கீழ் விளிம்பைத் தடவினா அந்த வடிகால் துளைங்க தட்டுப்படும். அதுக்குத் தென்னை ஈர்க்குச்சியை மிஞ்சின கருவி உலகத்துல இல்லை. வெளிநாட்டு வீடியோவுல இதுக்குன்னு தனியா ஒரு சாமான் விக்கறான். நாம விளக்குமாத்துல இருந்து ஒண்ணு உருவினா ஆச்சு. என் பின் கதவுல குத்தினதும் ஒரு டம்ளர் பழுப்புத் தண்ணி வந்தது.

கடைசியா அதே கைப்பம்புல நல்ல தண்ணி ஊத்தி அலசல். பிரஷர் வாஷர் வெச்சிருக்கிறவங்க ஜாக்கிரதை. 100 பாருக்கு மேல அடிக்கிற மெஷின் அது. ஒயர் கனெக்டர், ஆக்ஸிலோட ரப்பர் உறை, சக்கர பேரிங் பக்கம் கிட்ட வெச்சு அடிச்சா தண்ணி உள்ளே பூந்துடும். சி.என்.ஜி. வண்டிக்காரங்க கேஸ் குழாயைப் போட்டுத் தேய்க்கவோ வளைக்கவோ வேண்டாம். 200 பார் அழுத்தத்துல கேஸ் போற குழாய் அது. சேத்தை மெல்ல அலசிட்டுப் பாருங்க, சந்தேகம்னா சிலிண்டர் சோதனை பண்ற இடத்துலயே காட்டுங்க. பேட்டரி கார்காரங்களுக்கு அடியில பேட்டரிப் பெட்டிதான் இருக்கு, அதுக்கு மிருதுவான தண்ணியும் கண்ணும் போதும். கீறலோ நசுங்கலோ இருக்கான்னு மட்டும் பாருங்க.

அலசினதும் வண்டியை மூடி போட்டு நிறுத்தாதீங்க. பத்து நிமிஷம் ஓட்டி, நடுநடுவே பிரேக்கை லேசா மிதிச்சு, வெயில்ல நிறுத்துங்க. ஈரமான பிரேக் முதல் ரெண்டு மிதிக்குச் சரியா பிடிக்காது, அதையும் மனசுல வெச்சுக்குங்க.

காய்ஞ்ச பிறகு மறுபடி செல்ஃபி ஸ்டிக். இதுதான் அன்னிக்கு உண்மையான வேலை. சைலன்சரும் சஸ்பென்ஷன் கையும் மேலாப்புல பழுப்பா இருந்தா பதறாதீங்க, தடிமனான இரும்பு, அது அப்படித்தான் இருக்கும். குழாய்ல செதில் விட்டா விடாதீங்க. சக்கரத்துக்கு உள்பக்கம் கிரீஸ் வட்டமா தெறிச்சிருந்தா ஆக்ஸில் ரப்பர் உறை கிழிஞ்சிருக்கு. ஈரமும் புழுதியும் சேர்ந்து அப்பின திட்டு எங்க இருந்தாலும் துடைச்சுட்டு மறுநாள் பாருங்க. வீடியோவை அழிக்காதீங்க. அடுத்த வருஷ வீடியோவைப் பக்கத்துல வெச்சுப் பார்க்கும்போதுதான் எது புதுசுன்னு தெரியும்.

எனக்கு ஆன தண்ணி மொத்தம் ரெண்டு வாளி, முப்பது லிட்டர் சொச்சம். எங்க பார்க்கிங் பைப்புல 20 லிட்டர் வாளி ஒண்ணரை நிமிஷத்துல நிறையும். இருபது நிமிஷம் பைப்பைத் திறந்துவிட்டா 260 லிட்டருக்கு மேல போகும். செக்ரெட்டரியோட கோபம் எனக்குப் புரியுது. 2016 ஏப்ரல்ல மிரஜ்ல இருந்து லாத்தூருக்கு ரயில்ல குடிதண்ணி போனது இதே மகாராஷ்டிரத்துல. 2019 ஜூலையில ஜோலார்பேட்டையில இருந்து சென்னைக்கு ரயில்ல தண்ணி போனப்ப நாம எல்லாரும் இங்கருந்து ஊருக்குப் போன் போட்டு விசாரிச்சுக்கிட்டிருந்தோம். 2024 மார்ச்ல பெங்களூரு குடிநீர் வாரியம், குடிநீர்ல வண்டி கழுவினா 5000 ரூபாய் அபராதம்னு அறிவிச்சது. மே மாசம் டெல்லியில பைப் வெச்சுக் கார் கழுவினா 2000ன்னு சொன்னாங்க. இதெல்லாம் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் இல்லை. குடிதண்ணி தட்டுப்பாடு இருக்கிற மாசத்துல நானும் கழுவ மாட்டேன். சுரண்டறதுக்கும் பார்க்கிறதுக்கும் தண்ணி வேண்டாமே.

அதனால நேத்து செக்ரெட்டரி வீட்டுக்குப் போனேன். ஓய்வு பெற்ற பேங்க் அதிகாரி, கறாரான மனுஷன். சண்டைக்கு வந்திருக்கேன்னு நினைச்சு முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டார். நான் ஒண்ணும் பேசாம 2023 வீடியோவைப் போட்டுக் காட்டினேன். குழாய் வர்ற இடத்துல நிறுத்தினேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரெண்டு தடவை பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கிட்டு, "அந்தக் குச்சியைக் கொஞ்சம் கொண்டு வாங்க"ன்னு லிஃப்ட்டை நோக்கி நடந்தார். அவர் மகன் வர்ற சனிக்கிழமை கோவா போறானாம், குடும்பத்தோட.

நோட்டீஸ்ல இன்னிக்கு ஒரு வரி சேர்ந்திருக்கு. மழைக்காலம் முடிஞ்ச பிறகு ஒரு ஞாயித்துக்கிழமை, வண்டிக்கு ரெண்டு வாளி, பைப் கூடாது, மண்ணை அள்ளிடணும். உங்க பக்கத்துக் கட்டடங்கள்ல என்ன ஏற்பாடுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா. குறிப்பா விசாகப்பட்டினத்துக்காரங்க.

டிஸ்கி: ஈர்க்குச்சிக்காகப் புது விளக்குமாத்துல கை வெச்சு, தங்கமணி தரப்புல இருந்து ஏதாவது எதிர்வினை வந்தா நிர்வாகம் பொறுப்பல்ல. எங்க வீட்டுல பழசு எதுன்னு தெரியாம உருவிட்டேன், அனுபவத்துல சொல்றேன்.